கியர் பெட்டி எப்போது உதைக்கிறது?

பட்டர்வொர்த்தில் அப்பாவின் தேங்காய் வியாபாரத்துக்கு இன்றும் ஓடுவது 2006-ஆம் ஆண்டு டீசல் பிக்அப் ஒன்று. நான்கு கியர், ஆட்டோ. மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பூசத்துக்கு முந்தின வாரம். தேர் வரும் வழியில் உடைப்பதற்குத் தேங்காயை மூட்டை மூட்டையாகக் கேட்பார்கள். பினாங்குப் பாலத்தைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு நாளொன்றுக்கு நாலு நடை. அந்த வாரத்தில்தான் சத்தம் தொடங்கியது. சாலை விளக்கில் வண்டியை நிறுத்தினால், பின்னாலிருந்து யாரோ மெல்ல இடித்ததுபோல ‘டொக்’ என்று ஓர் உதை.

பக்கத்தில் இருந்த ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினோம். அவர்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. “ஆட்டோ கியர் பெட்டி போச்சு, இறக்கிப் பிரிக்கணும்” என்றார்கள். சொன்ன தொகை அந்தத் தைப்பூசத்தின் லாபம் முழுவதையும் விழுங்கிவிடும். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு, பிறையில் கியர் பெட்டி வேலை மட்டும் செய்யும் ஓர் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

“என்னம்மா பண்ணுது?”

“உதைக்குது அண்ணே.”

“எப்ப உதைக்குது?”

“நிறுத்தும்போது.”

“நிறுத்தறப்பவா, நிறுத்தின பிறகா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இருவரும் ஏறி ஒரு சுற்றுப் போனோம். சக்கரம் முழுசாக நின்று, அரை விநாடி கழித்துத்தான் உதை வந்தது. வேகம் எடுக்கும்போது நான்கு கியரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக விழுந்தன. அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இருந்த நிப்பிளில் கிரீஸ் அடித்தார். அந்த ஷாஃப்ட் சாலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்க வேண்டும் என்பதற்காக ஓரிடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருக்கும். அங்கே கிரீஸ் காய்ந்துபோனால், பிரேக் பிடித்து நிற்கையில் ஷாஃப்ட் சிக்கிக்கொண்டு, பிறகு சட்டென்று விடுபடும். எங்களை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்த ‘டொக்’ இவ்வளவுதான். கியர் பெட்டியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். யார் வந்து எந்தக் குறையைச் சொன்னாலும் அண்ணனின் முதல் கேள்வி “எப்ப?” என்பதுதான். காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்குப் போகும்போது? சுமையோடா, வெறும் வண்டியிலா? ‘உதைக்குது’, ‘வழுக்குது’, ‘இழுக்கல’ என்று மட்டும் சொன்னால் குறை பத்து இடங்களில் இருக்கலாம். நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் அது இரண்டு மூன்று இடங்களுக்குள் வந்துவிடும். ஏன் அப்படி என்பது புரிய, உள்ளே நடப்பதை ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

மேனுவல் வண்டியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்ப்பதும் பிரிப்பதும் நம் இடது காலின் வேலை. ஆட்டோவில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டோர்க் கன்வெர்ட்டர் என்று பரங்கிக்காய் வடிவில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் மெல்லச் சுற்றத் தொடங்கும் அல்லவா? கன்வெர்ட்டருக்குள்ளும் அதே கதை, காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயை வீச, கியர் பெட்டிப் பக்கத்து விசிறி அதை வாங்கிச் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சிறு விசிறி, திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசைக்கு மடக்கிவிடும். அதனால் வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சேரும். சுமை ஏற்றிய பிக்அப் சாலை விளக்கில் இருந்து திணறாமல் கிளம்புவதற்கு இது முக்கியமான காரணம்.

அடுத்தது பல்சக்கரங்கள். கோவிலில் நவக்கிரக சந்நிதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சூரியன், சுற்றிலும் மற்ற கிரகங்கள். ஆட்டோ கியர் பெட்டியிலும் நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில கோள் பல்சக்கரங்கள், எல்லாவற்றையும் அணைத்தபடி உள்பக்கம் பல் வெட்டிய ஒரு பெரிய வளையம். இந்த மூன்றில் எதைச் சுழலவிடுகிறோம், எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வெளியே வரும் வேகம் மாறுகிறது, சில சேர்க்கைகளில் திசையே மாறி ரிவர்ஸ் ஆகிறது. பழைய நான்கு கியர் பெட்டிகள் பலவற்றில் முதல் கியரில் எஞ்சின் பக்கம் சுமார் 2.8 முறை சுற்றினால் வெளித்தண்டு ஒரு முறை சுற்றும். மூன்றாவதில் ஒன்றுக்கு ஒன்று. நான்காவதில் வெளித்தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும், அதைத்தான் ஓவர்டிரைவ் என்கிறோம். பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். மேனுவலில்போலக் கோப்பு வளையத்தை நகர்த்திக் கியரைக் கோப்பது இங்கே கிடையாது.

அப்படியானால் பிடித்து நிறுத்துவது யார்? கிளட்ச் பிளேட்டுகளும், சில பெட்டிகளில் பேண்டு எனப்படும் இரும்புப் பட்டைகளும். கிளட்ச் என்பது மெல்லிய வட்டத் தட்டுகளின் அடுக்கு. வெறும் இரும்புத் தட்டு ஒன்று, உராய்வுப் பூச்சு ஒட்டிய தட்டு ஒன்று என மாறி மாறி அடுக்கியிருக்கும். எண்ணெய் அழுத்தம் பின்னாலிருந்து ஒரு பிஸ்டனைத் தள்ள, தட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் போதாவிட்டால் அரைகுறையாக ஒட்டித் தேய்ந்து சூடாகும். நாம் ‘வழுக்குது’ என்று சொல்வது இதைத்தான்.

எந்த அடுக்குக்கு எப்போது எண்ணெய் போக வேண்டும் என்று பிரித்துவிடுவது வால்வ் பாடி. எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டியதுபோல நூறு கால்வாய்கள் ஓடும் ஓர் அலுமினியப் பலகை அது. அதன்மேல் சோலனாய்டு என்ற சிறு மின் வால்வுகள் உட்கார்ந்திருக்கும். வண்டியின் வேகம், கால் எவ்வளவு அழுத்துகிறது, எண்ணெய்ச் சூடு, கியர்க் கம்பி எந்த நிலையில் இருக்கிறது ஆகியவற்றைப் பார்த்து, கியர் பெட்டியின் கணினி அந்தச் சோலனாய்டுகளைத் திறந்து மூடுகிறது. ஒரு கியர் மாறுவதென்றால் ஓர் அடுக்கு விட வேண்டும், இன்னொன்று பிடிக்க வேண்டும். முந்தியது சீக்கிரம் விட்டுவிட்டால் நடுவில் எஞ்சின் ‘உய்ங்’ என்று தனியாக ஏறி இறங்கும். தாமதமாக விட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து, வண்டி முட்டிக்கொண்டதுபோல உதைக்கும்.

இந்த எண்ணெயைத் தள்ளும் பம்ப் கன்வெர்ட்டரோடு சேர்ந்து எஞ்சினால் சுற்றுவது. எஞ்சின் நின்றால் அழுத்தமும் நின்றது. தள்ளி ஸ்டார்ட் செய்யும் வித்தை இந்த ஆட்டோக்களில் பலிக்காததற்கு இதுவே காரணம்.

சிராப், பண்டுங், கோப்பி ஓ

ஆகவே எண்ணெயிலிருந்துதான் தொடங்க வேண்டும். எஞ்சினுக்குப் போடும் மிஞ்ஞாக் ஹித்தாமை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். ஆட்டோ கியர் எண்ணெயை அப்படிப் பார்த்தால் தப்பான அளவு காட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை அழுத்தியபடி கம்பியை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து, ‘பி’-இல் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். குச்சியில் ‘சூடு’, ‘குளிர்’ என்று இரண்டு அளவுக்கோடுகள் இருந்தால், சூட்டுக் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். மிட்சுபிஷி பெட்டிகளில் ‘பி’-க்குப் பதில் ‘என்’-இல் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், ஆகவே வண்டியின் கையேட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். வழிக்கும் துணியில் நூல் பிரியக் கூடாது. ஒரு நூலிழை உள்ளே போனால்கூட வால்வ் பாடியின் மெல்லிய துளை ஒன்றை அடைக்கும்.

இப்போது நிறம். நல்ல எண்ணெய் தண்ணீரில் கலக்காத சிராப் மாதிரி தெளிந்த சிவப்பு. வயதாக ஆக, பால் சேர்க்காத தே ஓ நிறத்துக்கு வரும். அது மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். கோப்பி ஓ போலக் கறுத்து, முகர்ந்தால் அடிப்பிடித்த வாடையும் அடித்தால், கிளட்ச் தட்டின் பூச்சு எரிந்து எண்ணெயில் கலந்திருக்கிறது. இளஞ்சிவப்பாக, பால் கலந்த பண்டுங் போல இருந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது.

தண்ணீர் எப்படி வரும்? பெரும்பாலான பிக்அப்களில் கியர் எண்ணெய் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு குழாய்த் தொட்டிக்குள் போய்ச் சூடு தணிந்து திரும்பும். பதினைந்து, இருபது வருட ரேடியேட்டரில் அந்தத் தொட்டி உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் தண்ணீர் கியர் பெட்டிக்குள் வரும். இன்னொரு வழி வெள்ளம். கியர் பெட்டியின் தலையில் மூச்சுவிட ஒரு சிறு குழாய் உண்டு. சூடான பெட்டி சட்டென்று வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். அப்போது மூச்சுக் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோது கார்கள் மிதந்த படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் இறங்கிய வண்டி நன்றாக ஓடினாலும் கியர் எண்ணெயையும் பின்னச்சு எண்ணெயையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. தட்டுகளின் பூச்சை ஒட்டிவைத்திருக்கும் பசைக்குத் தண்ணீர் எமன். பண்டுங் எண்ணெயோடு ஒரு வாரம் ஓட்டினால் காப்பாற்றியிருக்கக்கூடிய பெட்டியும் கைவிட்டுப் போகும்.

அளவு குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்துதான். எண்ணெய் மட்டம் உயர்ந்து, சுழலும் பல்சக்கரங்கள் அதை முட்டை அடிப்பதுபோல அடித்து நுரையாக்கும். நுரையில் இருப்பது காற்று. காற்று அமுங்கும், எனவே அழுத்தம் நிற்காது. எண்ணெய் குறைவாக இருக்கும் வண்டி செய்யும் அத்தனையையும் அதிகமாக ஊற்றிய வண்டியும் செய்யும்.

எந்த எண்ணெய் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. டொயோட்டாவின் பழைய பெட்டிகள் சில டெக்ஸ்ரான், சில டி-4, பின்னால் வந்தவை டபிள்யூ.எஸ். மிட்சுபிஷிக்கு எஸ்.பி.-3. ஃபோர்டின் பழைய ஐந்து கியருக்கு மெர்கான் 5, ஆறு கியருக்கு மெர்கான் எல்.வி. இவற்றின் வழுவழுப்பும் உராய்வுக் குணமும் வேறு வேறு. தப்பான எண்ணெய் ஊற்றினால் பெட்டி அன்றைக்கே கெடாது. சில வாரம் கழித்து மாற்றம் கடுமையாகும், அல்லது அதிரத் தொடங்கும், ஆனால் யாரும் அந்த எண்ணெயைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

மாற்றுவதைப் பற்றியும் ஒன்று. அடித்தட்டின் திருகைக் கழற்றி வடித்தால் மொத்த எண்ணெயில் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் தங்கிவிடும். நெடுநாள் மாற்றாத பழைய வண்டிக்கு, வடித்து ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுவதையே நான் செய்வேன். மெஷின் வைத்துத் தள்ளிக் கழுவுவதை எங்கள் வண்டிக்கு நான் அனுமதிக்கவில்லை. அடித்தட்டைக் கழற்றும்போது வடிகட்டியை மாற்றுங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு மெல்லப் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லுகளோ கறுத்த பூச்சுத் துணுக்குகளோ இருந்தால், எண்ணெய் மாற்றுவதோடு இது முடியாது.

நேரம் சொல்லும் கதை

காலையில் முதல் ஸ்டார்ட். ‘டி’-யில் போட்டால் ஒரு விநாடிக்குள் வண்டி மெல்ல இழுக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி சும்மா நின்று, பிறகு ‘தடக்’ என்று பிடித்தால், அழுத்தம் ஏறத் தாமதமாகிறது. எண்ணெய் குறைவா என்பதை முதலில் பாருங்கள். சரியாக இருந்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல்கள் வயதாகி இறுகியிருக்கலாம், அல்லது இரவெல்லாம் நின்றதில் கன்வெர்ட்டரின் எண்ணெய் கீழே வடிந்திருக்கலாம். சூடானதும் ரப்பர் கொஞ்சம் இளகும், அதனால் பகலெல்லாம் ஒழுங்காக ஓடும்.

இதற்கு நேர்மாறானது மோசம். காலையில் தங்கம் மாதிரி ஓடுகிறது, பாயா தெருபோங் பக்கம் மதிய நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. எண்ணெய் சூடாகும்போது தண்ணீர்போல மெலியும். தேய்ந்த சீல், தேய்ந்த பம்ப், தேய்ந்த வால்வ் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் அது கசிந்து ஓடிவிடும். அடைபட்ட வடிகட்டியும் இதே வேலையைச் செய்யும். எண்ணெய் அளவும் நிறமும் சரி, வடிகட்டியும் புதிது, ஆனாலும் சூட்டில் வழுக்குகிறது என்றால் அழுத்த மீட்டர் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியின் உடம்பில் அதற்கென்றே ஒரு திருகு துளை இருக்கும். அந்த மீட்டர் காட்டும் அளவைப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சொல்பவரிடம் கொஞ்சம் நிதானம் கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது, ஒரே ஒரு கியரில் மட்டும் வரும் குறை. ரிவர்ஸ் சரியாகப் பிடிக்கிறது, மூன்றும் நன்று, ஆனால் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையில் மட்டும் உதை. பம்ப் கெட்டிருந்தால் எல்லாக் கியரும் தவித்திருக்கும். ஆகவே அந்தக் கியருக்கு மட்டும் பொறுப்பான அடுக்கோ, பேண்டோ, அதன் சோலனாய்டோ, அதன் எண்ணெய் வழியோதான் கணக்கில் வரும். சோலனாய்டும் வால்வ் பாடியும் பெரும்பாலான பிக்அப்களில் அடித்தட்டைக் கழற்றினாலே கைக்கு வரும். பெட்டியை இறக்க வேண்டியதில்லை. செலவில் அது பெரிய வித்தியாசம்.

வேகம் கூடக் கூட இரண்டாவது கியரிலேயே கத்திக்கொண்டு, தாமதமாக மாறுகிறதா? நடுக்காலத்து டொயோட்டா பெட்டிகள் சிலவற்றில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு மெல்லிய கேபிள் போகும். அது இறுகியிருந்தால் மாற்றம் கடுமையாகவோ தாமதமாகவோ வரும். தளர்ந்திருந்தால் மாற்றம் இதமாக, சீக்கிரமாக, வெண்ணெய்போல வரும். அந்த வெண்ணெயைப் பார்த்து மகிழாதீர்கள். தளர்ந்த கேபிள் பெட்டியின் மொத்த அழுத்தத்தையே குறைத்துவிடும், தட்டுகள் சத்தமில்லாமல் எரியும். யாராவது எஞ்சின் வேலை செய்து கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு கியரின் நடத்தை மாறியிருந்தால், முதலில் அந்த நட்டைப் பாருங்கள்.

பாலத்தில் வரும் அதிர்வு எங்கள் பக்கத்துக்காரர்கள் அதிகம் சொல்வது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். 70, 80 வேகத்தில் காலை ஒரே நிலையில் வைத்துப் போகும் நீளம். அந்த வேகத்தில் கன்வெர்ட்டருக்குள் லாக்‌அப் என்ற ஒரு தனி கிளட்ச், இரண்டு விசிறிகளையும் நேரடியாகச் சேர்த்துக் கட்டிவிடும். எண்ணெயில் வீணாகும் சக்தி மிச்சமாகும், ஆர்.பி.எம். முள் ஒரு முந்நூறு நானூறு இறங்கும். இன்னொரு கியர் விழுந்ததாகச் சிலர் நினைப்பார்கள். அந்தக் கிளட்சோ எண்ணெயோ கெட்டிருந்தால், சாலையின் அதிர்வுக் கோடுகள் மேல் ஓடுவதுபோல ‘தட தட’வென்று சில விநாடி நடுங்கும். பின்னால் யாரும் நெருங்கி வராத இடத்தில், நடுக்கம் வரும்போது ஆக்ஸிலரேட்டரை விடாமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொட்டுப் பார்க்கலாம். பிரேக் பட்டால் லாக்‌அப் விட்டுவிடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் லாக்‌அப் பக்கம் தேடுங்கள், தொடர்ந்தால் எஞ்சினோ டயரோ ஷாஃப்டோ. லாக்‌அப் நடுக்கம் பல நேரம் சரியான புதிய எண்ணெய்க்கே அடங்கிவிடுகிறது.

ஏற்றத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மாறி மாறித் தடுமாறுவது தனிக் கதை. டுரியான் காலத்தில் துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவிலிருந்து கூடை கூடையாக ஏற்றி வரும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அது கோளாறே இல்லை. சுமைக்கு நான்காவது கியர் போதாது, மூன்றாவதில் வேகம் ஏறியதும் கணினி மறுபடி நான்கைப் போடுகிறது. ஓ.டி. பொத்தானை அழுத்தி ஓவர்டிரைவை நிறுத்திவிட்டு ஏறுங்கள். ஒவ்வொரு மாற்றமும் சூடு, அந்தச் சூட்டைத்தான் எண்ணெய் சுமக்கிறது. இறங்கும்போதும் அப்படியே விட்டு, தேவைப்பட்டால் 2-க்கு வாருங்கள், பிரேக்கும் பிழைக்கும்.

கியர் பெட்டிக்கு வெளியே

எங்கள் ‘டொக்’ போல, வெளியே இருந்துகொண்டு பெட்டியின் மேல் பழி போடும் குறைகள் ஏராளம். ‘டி’, ‘ஆர்’ மாற்றும்போது ஒரு முட்டு முட்டினால், எஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் கிழிந்திருக்கலாம், ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட் ஆடலாம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை அணைத்துவிட்டு ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கடற்காற்றில் நிற்கும் பழைய வண்டிகளில் மின்சாரம் பெரிய தொல்லை. பேட்டரி பலவீனம், ஆல்டர்நேட்டர் பலவீனம், எர்த் கம்பி துரு. கணினிக்கு ஒழுங்கான வோல்ட் போகாவிட்டால் சோலனாய்டுகள் மனம்போனபடி திறந்து மூடும். கியர்க் கம்பியின் நிலையைச் சொல்லும் சுவிட்ச் ஒன்று பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. ‘பி’-யிலும் ‘என்’-இலும் ஸ்டார்ட் ஆகிறதா, ரிவர்ஸில் பின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் அதன் உடல்நிலை தெரியும். ஸ்பீடோ முள் துள்ளினால் வேக சென்சார். இதெல்லாம் காசில்லாமல் நாமே பார்க்கக்கூடியவை.

எஞ்சினையும் மறக்க வேண்டாம். டர்போ ஹோஸில் வெடிப்பு, அடைத்த டீசல் ஃபில்டர், கரி பிடித்த இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வ்) ஆகியவற்றால் எஞ்சின் இளைத்திருந்தால், நாம் காலை அதிகம் அழுத்துவோம். கணினி அதைப் பார்த்து ‘ஓட்டுபவருக்குச் சக்தி வேண்டும்’ என்று கியரைப் பிடித்து வைக்கும். பார்ப்பவருக்கு அது கியர் பெட்டியின் பிடிவாதமாகத் தெரியும்.

வண்டி திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, வேகமே எடுக்காமல் போவதும் உண்டு. ஏதோ ஒரு சென்சாரோ சோலனாய்டோ பொய் சொல்கிறது என்று கணினி கண்டுபிடித்து, பெட்டியைக் காப்பாற்ற எடுக்கும் முடிவு அது. பழைய டொயோட்டாக்களில் ஓ.டி. ஆஃப் விளக்கு சிமிட்டும். கணினியின் பிழைக் குறிகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் எண்கள் வரும். பி0700 என்றால் ‘கியர் பெட்டிக் கணினியிடம் போய்க் கேள்’ என்பது மட்டுமே, அதை வைத்து எதையும் மாற்றக்கூடாது. பி0715 உள்தண்டு வேக சென்சார், பி0720 வெளித்தண்டு வேக சென்சார், பி0750 முதல் மாற்றுச் சோலனாய்டு, பி0741 லாக்‌அப். எண் ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னாலும் அந்தப் பாகம் கெட்டதாக ஆகாது. அதற்குப் போகும் வயரையும் பிளக்கையும் பார்த்த பிறகே பாகத்தை வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும், கூடவே சாட்சியும் அழியும். முதலில் எழுதி வையுங்கள்.

நாங்கள் இப்போது வண்டியின் முன்பெட்டியில் ஒரு பள்ளி நோட்டை வைத்திருக்கிறோம். தேதி, கிலோமீட்டர், குளிரா சூடா, எந்தக் கியர், எவ்வளவு சுமை. அப்பா ஓட்டினாலும் தம்பி ஓட்டினாலும் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் ஒரு வரி எழுதுவார்கள். பிறை அண்ணன் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்க்கிறார்.

எல்லாம் பார்த்தும் பெட்டிதான் குறை என்று உறுதியானால் இரண்டு வழி. பிரித்துச் சரி செய்வது, அல்லது பழைய வண்டிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப்-கட் கடையிலிருந்து பழைய பெட்டி வாங்கிப் பூட்டுவது. ஹாஃப்-கட் மலிவு, ஆனால் அதன் கடந்த காலம் தெரியாது. அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்த வழியானாலும் ஒன்றைக் கட்டாயம் வற்புறுத்துங்கள்: கூலர் குழாய்களையும் ரேடியேட்டரின் கூலர் தொட்டியையும் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். செத்த பெட்டியின் இரும்புத் துகள் எல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும், புதுப் பெட்டி ஓடத் தொடங்கிய முதல் நாளே அவை அதற்குள் போய்ச் சேரும். பழைய கன்வெர்ட்டரை அப்படியே மாட்டுவதும் இதே தப்புதான்.

வண்டி வழியில் நின்றுவிட்டால், பின்சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பின்சக்கரம் சுற்றினால் கியர் பெட்டியின் உள்ளும் சுற்றும், எஞ்சின் ஓடாததால் பம்ப் ஓடாது, உராயும் இடங்களுக்கு எண்ணெய் போகாது. பட்டர்வொர்த்திலிருந்து பிறைவரை இழுத்தாலும் போதும், சிறு குறையோடு கிளம்பிய பெட்டி பெருங்குறையோடு போய்ச் சேரும். நான்கு சக்கரமும் ஏறும் லோரியைக் கூப்பிடுங்கள். அது கிடைக்காவிட்டால், இழுப்பதற்கு முன் பின்பக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.